கடைசி 40 கிலோமீட்டர்: மொந்தால்ச்சினோ ஊருக்குப் போய்ச்சேரும் வழிகள்

இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில், சியேனா நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், 560 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு குன்றின் உச்சியில் அமைந்திருக்கிறது மொந்தால்ச்சினோ. இதைச் சுற்றியுள்ள சரிவுகளில் விளையும் சாஞ்சோவேசே திராட்சையை மட்டுமே கொண்டு செய்யப்படும் புருனெல்லோ ஒயின் உலகப் புகழ் பெற்றது. 1980ஆம் ஆண்டில் இத்தாலி தன் ஒயின்களுக்கு மிக உயர்ந்த தரச்சான்றை வழங்கத் தொடங்கியபோது அதை முதலில் பெற்றவற்றுள் இதுவும் ஒன்று. ஒயினில் நாட்டம் இல்லாதவர்களும் 1361ஆம் ஆண்டுக் கோட்டையைப் பார்க்கவும், 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஓர்ச்சா பள்ளத்தாக்கின் வயல்வெளிகளைப் பார்க்கவும் இங்கே வருகிறார்கள்.

ஆனால் இந்த ஊருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ரோம் வரை வருவதற்கு ஒரே ஒரு பயணச்சீட்டு போதும். ரோமிலிருந்து இந்தக் குன்றின் உச்சிக்கு ஏறுவதற்குத்தான் மூன்று வகை வண்டிகளும் இரண்டு மூன்று கால அட்டவணைகளும் தேவைப்படுகின்றன. முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் விமானத்திலிருந்து தொடங்கி முன்னோக்கித் திட்டமிடுகிறார்கள். அதனால் மாலை ஏழு மணிக்குச் சியேனாவில் இறங்கி, அன்றைய கடைசிப் பேருந்து போய்விட்டதை அறிந்து திகைக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வலியுறுத்துவது ஒன்றையே: குன்றின் மேல் ஏறும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரயிலையும் விமானத்தையும் தேர்ந்தெடுங்கள்.

முதல் படி: வாரத்தின் எந்த நாளில் செல்கிறீர்கள் என்று பாருங்கள்

சியேனாவையும் மொந்தால்ச்சினோவையும் இணைப்பது 114ஆம் எண் பேருந்து. 2021 நவம்பர் முதல் தொஸ்கானா மாநிலத்தின் பேருந்துகள் அனைத்தையும் அவுத்தோலினே தொஸ்கானே என்ற ஒரே நிறுவனம் இயக்கி வருகிறது. ஆகவே பழைய பயண நூல்களில் உள்ள வேறு நிறுவனங்களின் பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும் அட்டவணை கிடைக்கிறது. அதைப் படிக்கும் முறையை மட்டும் சற்றுப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அட்டவணையில் ஒவ்வொரு பேருந்துக்கு மேலும் ஒரு குறிப்பு இருக்கும். ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரை ஓடுவது. ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் ஓடுவது. இந்தச் சொல்லைக் கண்டு திருவிழாச் சிறப்புப் பேருந்து என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஸ்கொலாஸ்திகோ’ என்ற குறிப்பு இருந்தால் அது பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும் வண்டி. சிற்றூர்ப் பேருந்துகள் பெரிதும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஓடுகின்றன என்பதால், பள்ளி மூடியிருக்கும் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, அதாவது சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் காலத்திலேயே, சில வண்டிகள் அட்டவணையிலிருந்து மறைந்துவிடுகின்றன. மே மாதத்தில் சென்று வந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பி ஆகஸ்டில் புறப்படுவது ஆபத்தானது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அன்று இந்தப் பகுதியின் பேருந்துகள் மிகக் குறைவு. சில வழித்தடங்களில் அறவே இல்லை. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகிய பொது விடுமுறைகளும் அப்படியே. கார் இல்லாமல் பயணம் செய்பவர் தம் வருகையையும் புறப்பாட்டையும் திங்கள் முதல் சனிக்குள் வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: எந்த விமான நிலையம்

ஃபுளோரன்ஸ், பீசா, ரோம் ஆகிய மூன்றும் பொருத்தமானவை. இவற்றுள் மிக அருகில் இருப்பது ஃபுளோரன்ஸ். அங்கிருந்து மொந்தால்ச்சினோ சாலை வழியே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். விமான நிலைய வாசலிலேயே டி2 என்ற டிராம் புறப்பட்டு, சுமார் 20 நிமிடங்களில் சான்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தின் அருகே கொண்டுவிடுகிறது. ரயில் நிலையப் பலகைகளில் ஃபுளோரன்ஸ் என்ற பெயர் இருக்காது, ‘ஃபிரென்ட்ஸே’ என்றே இருக்கும். பீசாவில் விமான நிலையத்துக்கும் மத்திய ரயில் நிலையத்துக்கும் இடையே ஓட்டுநர் இல்லாத சிறுவண்டி ஐந்து நிமிடங்களில் செல்கிறது; அங்கிருந்து எம்பொலி நிலையத்தில் மாறிச் சியேனாவுக்கு ரயிலில் போகலாம்.

தெற்காசியாவிலிருந்து வருபவர்களுக்கு ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையமே பெரும்பாலும் வசதியாகவும் மலிவாகவும் அமையும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஃபியூமிச்சினோவிலிருந்து இரண்டு வகை ரயில்கள் நகருக்குள் போகின்றன. ‘லியோனார்தோ எக்ஸ்பிரஸ்’ எங்கும் நிற்காமல் 32 நிமிடங்களில் தெர்மினி நிலையத்தை அடைகிறது. ‘எஃப்.எல்.1’ என்னும் வட்டார ரயில் அதைவிட மலிவானது. அது தெர்மினிக்குப் போகாமல் ஓஸ்தியென்சே வழியாகத் திபுர்தினா நிலையத்துக்குப் போகிறது. சியேனாவுக்கு நேராகச் செல்லும் தொலைதூரப் பேருந்துகள் திபுர்தினாவிலிருந்தே புறப்படுகின்றன என்பதால், பேருந்தில் செல்ல முடிவெடுத்தவர்கள் தெர்மினிக்குப் போய்த் திரும்ப வேண்டியதே இல்லை.

மூன்றாம் படி: சியேனா வரை

ஃபுளோரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. ரயிலே மேல் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தத் தடத்தில் ரயில் எம்பொலி வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 131ஆர் என்ற விரைவுப் பேருந்து நான்குவழிச் சாலையில் நேராகப் போய் அதைவிடச் சற்று முன்னதாகவே சேர்ந்துவிடுகிறது. எனினும், மொந்தால்ச்சினோ போகும் ஒருவருக்கு நான் ரயிலையே பரிந்துரைப்பேன். அதற்கான காரணம் சியேனாவின் நில அமைப்பில் இருக்கிறது.

சியேனா ஒரு மலைமேல் நகரம். அதன் ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது. ஃபுளோரன்ஸிலிருந்து வரும் பேருந்து வழக்கமாக மேலே, கிராம்ஷி சதுக்கத்தை ஒட்டிய தோத்ஸி தெருவில் பயணிகளை இறக்கிவிடுகிறது. மொந்தால்ச்சினோவுக்குப் போகும் 114 எண் பேருந்தைப் பிடிப்பதற்கோ கீழேயுள்ள ரயில் நிலையம்தான் உகந்த இடம். இரண்டும் ஒரே இடம் என்று எண்ணி, பத்து நிமிட இடைவெளியில் மாறிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டவர்கள் இங்கேதான் வண்டியைத் தவறவிடுகிறார்கள். மேலிருந்து கீழே வர நகரப் பேருந்து உண்டு. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தையும் மேலேயுள்ள கமோல்லியா வாயில் பகுதியையும் இணைக்கும் நகரும் படிக்கட்டுகளின் தொடரும் உண்டு. பெட்டிகளோடு வருபவர் எந்த வழியில் வந்தாலும் அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது. ரயிலில் வந்தவருக்கு இந்த அலைச்சல் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு இத்தாலிய மொழியில் ‘ஃபெர்மாத்தா’ என்று பெயர். உங்கள் வண்டி எந்த ஃபெர்மாத்தாவிலிருந்து புறப்படுகிறது என்பதைச் செயலியில் தெருப்பெயரோடு சரிபார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

ரோமிலிருந்து வருபவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. திபுர்தினாவிலிருந்து நேரடிப் பேருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சியேனாவை அடைகிறது. மாறி ஏறும் தொல்லை இல்லாததால், பெட்டியும் குழந்தைகளுமாக வருபவர்களுக்கு இதுவே எளிது. இரண்டாவது, தெர்மினியிலிருந்து ரயிலில் கியூசி–கியான்சியானோ தெர்மே நிலையம் வரை வந்து, அங்கே சியேனா செல்லும் வட்டார ரயிலுக்கு மாறுவது. மூன்றாவது வழியை அறிந்தவர்கள் குறைவு: கடலோரத் தடத்தில் க்ரொஸ்ஸேதோ வரை வந்து, அங்கிருந்து சியேனா போகும் ரயிலில் ஏறி, சியேனா வரை போகாமல் நடுவழியிலேயே புவோன்கொன்வெந்தோ நிலையத்தில் இறங்கிக்கொள்வது. இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு. ஆனாலும் நேரம் பொருந்தி வந்தால், சியேனா வரை மேலே போய் மீண்டும் அதே சாலையில் திரும்பி வருவது மிச்சமாகும்.

ரயில் பயணச்சீட்டைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. வட்டார ரயில்களுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையருகே உள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி நேரமுத்திரை பதிக்க வேண்டும். கைப்பேசியில் வாங்கிய சீட்டாக இருந்தால் பயணம் தொடங்கும் முன் ‘செக்-இன்’ செய்ய வேண்டும். பணம் கொடுத்து முறையாகச் சீட்டு வாங்கியவரே இதைச் செய்யாததால் அபராதம் கட்டும் நிலைக்கு ஆளாகிறார். வட்டார ரயில்களில் முன்பதிவால் விலை குறைவதில்லை. ஆகவே விமானம் தாமதமானால் வீணாகிவிடுமோ என்ற கவலையுடன் முன்கூட்டியே வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான்காம் படி: குன்றின் மேல்

சியேனாவிலிருந்து புறப்படும் 114 எண் பேருந்து, ரோமானியர் காலத்திலிருந்தே ரோமுக்குச் செல்லும் வழியாக விளங்கும் காசியா சாலையில், மொந்தெரோனி தார்பியா, புவோன்கொன்வெந்தோ ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே செல்கிறது. பின்னர் வலப்புறம் திரும்பி, வளைந்து வளைந்து மேலேறுகிறது. மொத்தப் பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். வளைவுச் சாலைகளில் தலைசுற்றும் இயல்புடையவர்கள் முன்பகுதியில் அமர்வது நல்லது.

பேருந்துச் சீட்டை முன்கூட்டியே செயலியிலோ, ‘தபாக்கி’ என்று அழைக்கப்படும் புகையிலைக் கடைகளிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை நிறத்தில் டி என்ற எழுத்து பொறித்த கருநீலப் பலகை இந்தக் கடைகளின் அடையாளம். ஓட்டுநரிடம் வாங்கினால் விலை கூடுதல். ஏறியவுடன் சீட்டைப் பதிவு செய்துவிடுங்கள். வழியில் உள்ள சிறு நிறுத்தங்களில் ஏற வேண்டியிருந்தால், வண்டி வரும்போது கையைத் தெளிவாக நீட்டிக் காட்டுங்கள். பேசாமல் நின்றால் ஓட்டுநர் நிற்காமல் போய்விடக் கூடும்.

இங்கே புவோன்கொன்வெந்தோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. மொந்தால்ச்சினோவுக்கு மிக வசதியான ரயில் நிலையம் இதுதான். அங்கிருந்து குன்றின் மேல் ஏற சாலை வழியே 14 கிலோமீட்டர் அளவே இருக்கிறது. செங்கல் மதிலுக்குள் அடங்கிய இந்தச் சிற்றூரின் பழைய பகுதி நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. சியேனாவிலிருந்து ரயிலில் இதுவரை வந்து 114ஐப் பிடிப்பதும் ஒரு வழி. இறங்குவதற்கும் அடுத்த பேருந்துக்கும் இடையே ஒரு மணி நேரம் இருந்தால் வருந்த வேண்டாம். மதிலுக்குள் ஒரு சுற்று நடந்து, காப்பி அருந்திவிட்டு வரலாம்.

ஊரின் பெயர் கொண்ட நிலையமெல்லாம் ஊரில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ‘தொர்ரெனியேரி–மொந்தால்ச்சினோ’ என்று ஒரு நிலையம் பழைய வரைபடங்களில் தென்படும். அது குன்றுக்குக் கீழே, தொர்ரெனியேரி கிராமத்தில் இருக்கிறது. அந்தத் தடத்தில் அன்றாட ரயில்கள் 1994ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டன. இப்போது சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ‘த்ரேனோ நாத்தூரா’ என்ற பழங்காலச் சுற்றுலா ரயில் அங்கே ஓடுகிறது. பக்கத்து ஒயின் ஊரான மொந்தெபுல்ச்சியானோவிலும் இதே நிலைதான்: அதன் பெயரிலுள்ள நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் சமவெளியில் இருக்கிறது. அந்த ஊருக்குப் போக விரும்புபவர்கள் கியூசியில் இறங்கிப் பேருந்து பிடிப்பதே நல்லது.

மொந்தால்ச்சினோவில் பேருந்து கவூர் சதுக்கத்தில் நிற்கிறது. ஊரின் மையமான பொப்போலோ சதுக்கம் அங்கிருந்து சில நிமிட நடை. கோட்டையோ ஊரின் மறுகோடியில், ஏற்றத்தில் இருக்கிறது. தெருக்கள் கல் பாவியவை, சரிவானவை. சக்கரப் பெட்டியை இழுத்துச் செல்வது கடினம். தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது அது மதிலுக்குள் இருக்கிறதா, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட விடுதியின் முகவரியில் மொந்தால்ச்சினோ என்றே எழுதியிருக்கும்; உண்மையில் அது ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, பேருந்தே போகாத மண்சாலையின் முடிவில் இருக்கக்கூடும்.

டாக்சியைப் பற்றிய எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெருநகரங்களைப் போலக் கைப்பேசிச் செயலியில் வண்டி அழைக்க இங்கே வழியில்லை. ஊரில் உள்ள சில வண்டிகளையும், ‘என்.சி.சி.’ என்று குறிக்கப்படும் ஓட்டுநருடன் கூடிய வாடகைக் கார்களையும் ஓரிரு நாள் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும். விடுதிக்காரரிடம் கேட்டால் அவரே ஏற்பாடு செய்து தருவார். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் சியேனாவிலிருந்தோ புவோன்கொன்வெந்தோவிலிருந்தோ இப்படி வருவது தாங்கக்கூடிய செலவுதான்.

கார் ஓட்டிச் செல்பவர்களுக்கு

மூன்று நான்கு நாட்கள் தங்கி, தோட்டங்களையும் ஒன்பது பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான்த் ஆந்தீமோ மடாலயத்தையும் பியென்ஸா போன்ற பக்கத்து ஊர்களையும் பார்க்க விரும்பினால், கார்தான் உண்மையான சுதந்திரத்தைத் தரும். மொந்தால்ச்சினோவிலிருந்து மொந்தெபுல்ச்சியானோவுக்குப் பேருந்தில் போக வேண்டுமானால் கீழே இறங்கி 112ஆம் எண் பேருந்துக்கு மாற வேண்டும். அந்த இணைப்பு எப்போதும் பொருந்தி வருவதில்லை. ஒருநாள் மட்டும் வந்து திரும்புபவருக்குக் கார் தேவையில்லை.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் அதோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுவர வேண்டும். அதை ஊரிலேயே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். இத்தாலிக்கு வந்தபின் பெற முடியாது. வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் பெரும்பாலானவை கியர் மாற்றி ஓட்டுபவை. தானியங்கி வண்டி வேண்டுமென்றால் முன்னதாகவே கேட்டுப் பதிவு செய்யுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், மலைவளைவில், பழகாத இடத்தில் இருக்கும் கியரோடு போராடுவது வேண்டாத வேலை.

ஃபுளோரன்ஸ், சியேனா நகரங்களின் பழைய பகுதிகளுக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை நிறம் கொண்ட பலகையும், ‘ஸோனா ஆ த்ராஃபிகோ லிமிதாதோ’ என்ற எழுத்துகளும் அதன் அடையாளம். யாரும் தடுத்து நிறுத்த மாட்டார்கள். கேமரா மட்டும் வண்டி எண்ணைப் பதிவு செய்துகொள்ளும். நாடு திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகு அபராதக் கடிதம் வந்து சேரும்; அதற்கு முன்பே வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை அட்டையிலிருந்து எடுத்திருக்கும். ஆகவே காரை நகர மையத்தில் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுங்கள்.

ஃபுளோரன்ஸிலிருந்து சியேனா வரையிலான நான்குவழிச் சாலைக்குச் சுங்கம் இல்லை. சியேனாவைச் சுற்றிக் கடந்து, காசியா சாலையில் புவோன்கொன்வெந்தோ தாண்டியவுடன் வலப்புறம் மொந்தால்ச்சினோ பலகை தெரியும். ரோமிலிருந்து வருபவர்கள் ஆ1 விரைவுச்சாலையில் கியூசி வரை வந்து இறங்கலாம். அதற்குச் சுங்கம் உண்டு. இத்தாலியில் விரைவுச்சாலைப் பலகைகள் பச்சை, மற்றப் பெருஞ்சாலைப் பலகைகள் நீலம். சுங்கச்சாவடியில் மஞ்சள் நிறத்தில் ‘தெலெபாஸ்’ என்று மட்டும் எழுதிய வரிசைக்குள் போய்விடாதீர்கள்; அது சந்தாதாரர்களுக்கானது.

எரிபொருள் நிரப்பும்போது மிகுந்த கவனம் தேவை. ‘பென்ஸீனா’ என்பது பெட்ரோல்; ‘கஸோலியோ’ என்பது டீசல். அமெரிக்க வழக்கில் பெட்ரோலுக்குச் சொல்லும் சொல்லைப் போலவே இது ஒலிப்பதால், தவறாக நிரப்பி எஞ்சினைப் பாழாக்கியவர்கள் உண்டு. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம்.

ஒயின் சுவைக்கப் போகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது: ஓட்டுநரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுவுக்கு மேல் இருக்கக்கூடாது. உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகாதவருக்கு ஒரு துளியும் கூடாது. இரண்டு மூன்று தோட்டங்களில் சுவைத்தாலே இந்த எல்லையைத் தொட்டுவிடக் கூடும். சுவைத்ததைத் துப்புவதற்கென்றே மேசையில் குவளை வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவதை யாரும் அவமதிப்பாகக் கருத மாட்டார்கள். எனினும் குழுவில் ஒருவர் அன்று அருந்தாமல் இருப்பது, அல்லது அந்த ஒரு நாளுக்கு ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொள்வது, இவ்விரண்டைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

தோட்டங்களுக்குச் செல்லும் பல சாலைகள் ‘ஸ்த்ராதே பியாங்கே’ எனப்படும் வெண்ணிறச் சரளைச் சாலைகள். மெதுவாகச் செல்லுங்கள், இத்தகைய சாலையில் நேரும் சேதத்துக்கு உங்கள் காப்பீடு பொருந்துமா என்று முன்பே படித்துப் பாருங்கள். மொந்தால்ச்சினோவை அடைந்ததும் மதிலுக்கு வெளியே காரை விட்டுவிடுங்கள். நீலக்கோட்டுக்குள் நிறுத்தினால் கட்டணம், வெள்ளைக்கோட்டுக்குள் இலவசம், மஞ்சள்கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அக்டோபர் கடைசி வார இறுதியில் ஊர்த் திருவிழா நடப்பதால் அப்போது இடம் கிடைப்பது அரிது.

திரும்பும் பயணம்

திரும்பும்போதும் பின்னோக்கிக் கணக்கிடும் முறையே பொருந்தும். காலை விமானத்துக்கு மொந்தால்ச்சினோவிலிருந்து அன்றே பொதுப் போக்குவரத்தில் போய்ச்சேர முடியாது; கடைசி இரவை ஃபுளோரன்ஸிலோ ரோமிலோ கழியுங்கள். புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு ‘ஷோப்பெரோ’, அதாவது வேலைநிறுத்தம், அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் இன்றியமையாத வட்டார ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும் என்பதால், அந்த நேரத்துக்குள் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம். பேருந்துகளுக்கான உறுதி நேரம் வேறு. அதை அறிவிப்பிலேயே குறிப்பிட்டிருப்பார்கள்.

விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பவர்கள் சீட்டை முந்தைய மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடைகள் திறந்திருக்குமென்று நம்ப முடியாது. கவூர் சதுக்கத்தில் எந்தப் பக்க நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அன்று மாலை நடந்து போகும்போதே பார்த்துவிடுங்கள்.